ஒரு கோடி கடனா, 14 வருட சீருடையா? ஏர்லைன் பைலட் ஆக இரண்டு வழிகள்: திருப்பூர் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானத்தின் இரைச்சல், பல்லடம் சுற்றுவட்டாரத்துக்குப் பழகிப்போன ஒன்று. 2018-ல் விமானப்படையின் 45-வது ஸ்குவாட்ரன் பெங்களூருவில் இருந்து சூலூருக்கு வந்தது. 2020 மே மாதம் 18-வது ஸ்குவாட்ரனும் அங்கேயே தேஜஸுடன் பறக்கத் தொடங்கியது. இன்னொரு பக்கம், கோவை பீளமேடு விமான நிலையத்தில் ஏறி இறங்கும் பயணிகள் விமானங்கள். பையரைப் பார்க்கவும், மெஷின் கண்காட்சிக்கும் பறந்து பழகிய ஏற்றுமதியாளர்களின் ஊர் திருப்பூர். இந்த இரண்டு வகை விமானத்தையும் பார்த்து வளரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் பிளஸ் டூ முடிக்கும்போது "நான் பைலட் ஆகணும்" என்று சொல்வது இப்போது அதிசயம் இல்லை.

சொன்னதும் வீட்டில் எழும் முதல் பேச்சு பணத்தைப் பற்றித்தான். "கோடி ரூபா கட்டிப் படிக்கறதுக்கு, ஏர்ஃபோர்ஸ்ல சேர்ந்து சும்மாவே பறக்கக் கத்துக்கிட்டு, அப்புறம் ஏர்லைன்ஸுக்கு வந்துடலாமே?" என்று மாமாவோ சித்தப்பாவோ கேட்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு வழியிலும் ரிஸ்க் உண்டு. சிவில் வழியில் அந்த ரிஸ்க் குடும்பத்தின் பணத்தின் மேல் விழுகிறது. ராணுவ வழியில் அது பிள்ளையின் வயது மேலும் உயிர் மேலும் விழுகிறது. எது மலிவு என்று பார்ப்பதைவிட, எந்த ரிஸ்க்கை யார் தாங்கப்போகிறார்கள் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு. விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 பைலட்டுகள் தேவைப்படுவார்கள் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு சொல்லி வருகிறார். 2023-ல் மட்டும் 1,622 பேருக்கு கமர்ஷியல் பைலட் லைசன்ஸ் கொடுத்தது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

அதன் பிறகு 2025 டிசம்பரில் என்ன நடந்தது என்பது கோவையில் விமானத்துக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். பைலட்டுகளுக்கு வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 மணி நேரம் ஆனது. இரவு நேரத் தரையிறக்கம் ஆறில் இருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. புதிய விதிக்கு ஏற்ற அளவில் பைலட்டுகளை வைத்துத் திட்டமிடாத இண்டிகோ, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிவியில் அந்தக் காட்சிகளைப் பார்த்த பல வீடுகளில் "அப்போ பைலட்டுக்கு டிமாண்ட் இருக்கு" என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

டிமாண்ட் இருப்பது உண்மை. ஆனால் அது எந்த மாதிரி டிமாண்ட் என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்க ஆர்டர் நம்பி மெஷின் போட்டவர்கள், 2025 ஆகஸ்டில் வரி 50 சதவீதம் ஆனபோது என்ன பட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். விமானத் துறையும் அப்படித்தான். 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் அனுபவம் உள்ள பைலட்டுகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களோடு போட்டி போட்டு, 200 மணி நேரம் மட்டுமே பறந்த புது லைசன்ஸ்காரர்கள் காத்துக் கிடந்தார்கள்.

சிவில் வழி: 200 மணி நேரம், அதற்கு அப்புறமும் செலவு

கமர்ஷியல் பைலட் லைசன்ஸ் வாங்க 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும். திருப்பூரில் நிறையப் பிள்ளைகள் காமர்ஸ் எடுப்பதால் இங்கேயே ஒரு தடை விழுகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் இந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதித் தேறி, பிறகு பைலட் பயிற்சிக்குப் போனவர்கள் உண்டு. இந்தப் பாட நிபந்தனையை நீக்குவது பற்றி 2025-ல் பேச்சு எழுந்தது. பேச்சை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

அடுத்தது பறக்கும் மணிக்கணக்கு. மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாக, அதாவது பயிற்றுநரின் கையை எதிர்பார்க்காமல் தானே முடிவெடுத்து ஓட்டியிருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் நெடும்பறப்பு 20 மணி நேரம்; அதில் ஒன்று 300 கடல் மைல், சுமார் 555 கிலோமீட்டர் இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி நேரம். இரவுப் பறப்பு 5 மணி நேரம். இதோடு வழிகாட்டல், வானிலை, வான்விதிகள், தொழில்நுட்பம் என எழுத்துத் தேர்வுகளும், ரேடியோவில் பேசுவதற்கான தனித் தேர்வும் உண்டு. இத்தனையும் பெரும்பாலும் செஸ்னா 152, 172 போன்ற குட்டி விமானங்களில்.

சரி, லைசன்ஸ் கையில் வந்துவிட்டது. ஏர்பஸ் ஏ320-ல் உட்கார்ந்துவிடலாமா? முடியாது. அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கு 'டைப் ரேட்டிங்' எனப்படும் தனிப் பயிற்சி வேண்டும். அது சிமுலேட்டரில் நடக்கும். அதற்கும் பல லட்சம் ஆகும். இந்தியாவில் பறக்கும் பயிற்சிக்கே 40 முதல் 60 லட்சம், டைப் ரேட்டிங், தங்குமிடம், தேர்வுக்கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 80 லட்சத்தைத் தாண்டும். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் சேர்ந்தால் ஒரு கோடியைத் தொடும்; சிலவற்றில் அதற்கும் மேலே போகும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 80 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 1.10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பத்து வருடத்தில் திரும்பப் போவது சுமார் 1.32 கோடி. பயிற்சிக் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேராது. ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். அதாவது வீடோ, தோட்டமோ, கம்பெனி இடமோ அடமானத்துக்குப் போகும். ஏற்கெனவே அதே பத்திரத்தை வைத்துத்தான் நிட்டிங் யூனிட்டுக்கு நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருப்பார்கள் என்பது இந்த ஊரின் கூடுதல் சிக்கல்.

ஒரே ஒரு ஆறுதல். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 செப்டம்பரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் தெளிவுபடுத்திவிட்டது. பில்லில் 18 சதவீதம் போட்டுக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

சிவில் வழியின் உண்மையான பலவீனம் ஒன்று இருக்கிறது. பணம் கட்டுபவர் மாணவர். பணம் வாங்குபவர் பள்ளி. அதனால் "உனக்கு இது சரிப்படாது தம்பி" என்று முதல் மாதத்திலேயே சொல்லி அனுப்புவதில் பள்ளிக்கு லாபம் இல்லை. விமானம் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை, மழை என்று ஒன்றரை வருடத்தில் முடிய வேண்டியது மூன்று வருடம் வரை இழுப்பதும் நடக்கிறது. இப்போது டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. 2025 அக்டோபரில் வெளியான முதல் பட்டியலில் 35 பள்ளிகள் இருந்தன. அதில் ஏ பிளஸ், ஏ தரத்தில் ஒன்றுகூட வரவில்லை. பி தரத்தில் 13, மீதி 22 சி தரத்தில். விளம்பரத்தில் எல்லாப் பள்ளியும் நம்பர் ஒன்தான். இந்தப் பட்டியலைப் பார்த்தால் நிலவரம் தெரியும்.

திருப்பூருக்குப் பக்கத்தில் என்றால் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. பலர் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்றும் போகிறார்கள். அங்கே வாங்கிய லைசன்ஸை இங்கே மாற்ற மறுபடியும் டிஜிசிஏ தேர்வுகளை எழுத வேண்டும் என்பதை ஏஜென்ட்கள் கடைசியில்தான் சொல்வார்கள்.

ராணுவ வழி: கட்டணம் இல்லை, ஆனால் வாசல் ரொம்பக் குறுகல்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இந்த வழியின் முதல் படிக்கட்டு திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. உடுமலைப்பேட்டை அருகே, அமராவதி அணைக்குப் பக்கத்தில், 1962 ஜூலை முதல் இயங்கும் அமராவதிநகர் சைனிக் பள்ளி. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை. இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் இந்தப் பள்ளிகளின் அடிப்படை நோக்கமே.

பிளஸ் டூ முடித்தவர்கள் 16½ முதல் 19½ வயதுக்குள் யுபிஎஸ்சி தேர்வு எழுதி, புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமிக்குப் போகலாம். மூன்று வருடம் அங்கே, பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமி. பட்டதாரிகளுக்கு ஆஃப்கேட் தேர்வு. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24. இதன் பயிற்சி ஒரு வருடத்துக்கு மேல் நடக்கும். பயிற்சியின் கடைசி வருடத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கட்டணம் ஒரு பைசா கிடையாது. துண்டிகலில் சுவிட்சர்லாந்து தயாரிப்பான பிலாட்டஸ் விமானத்தில் தொடங்கி, அதன்பின் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிகிறது பாதை.

அந்த வாசலுக்குள் நுழைவதுதான் கஷ்டம். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மைசூரு போன்ற மையங்களில் பல நாள் நடக்கும் ஆளுமைத் தேர்வு. பைலட் ஆகும் திறன் இருக்கிறதா என்று பார்க்க கணினித் தேர்வு ஒன்று உண்டு. அதில் ஒரு முறை தோற்றால் தோற்றதுதான். வாழ்நாளில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். கால் நீளம் வரைக்கும் அளப்பார்கள்; விமானி இருக்கையில் உடம்பு பொருந்த வேண்டுமே. கண் பார்வைக்கான விதிகள் சிவிலைவிடக் கடுமை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஏர்லைன் பைலட் ஆகலாம். விமானப்படையில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆனால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. தகுதி இல்லை என்றால் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்காது. பறக்கும் பயிற்சியில் தேறாதவர்கள் தரைப்பிரிவுக்கு மாற்றப்படுவதும் உண்டு. சிவிலில் பாதியில் நின்றால் மிஞ்சுவது பாதி லாக்புக்கும் முழுக் கடனும்.

சரி, அப்புறம் ஏர்லைன்ஸுக்கு வந்துடலாமா?

வரலாம். ஆனால் நினைத்த நேரத்தில் இல்லை. இங்கேதான் அந்த மாமாவின் கணக்கு இடிக்கிறது.

ஆஃப்கேட் வழியாக குறுகியகாலப் பணியில் சேரும் பைலட், கமிஷன் ஆன நாளில் இருந்து 14 வருடம் வேலை பார்க்க வேண்டும். 22 வயதில் கமிஷன் என்றால் வெளியே வரும்போது 36. பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகப் போனவருக்கு நிரந்தரப் பணி. ஓய்வூதியத்துக்கு 20 வருடம் வேண்டும். வெளியே வரும்போது 42 ஆகிவிடும். இடையில் "ஏர்லைன்ல கூப்பிடறாங்க" என்று கிளம்ப முடியாது. ஒரு போர் விமானியை உருவாக்க அரசு பல கோடி செலவழிக்கிறது. அவரை அவ்வளவு சீக்கிரம் விடுவிக்க மாட்டார்கள். விடவும் கூடாது என்பதே நம் கருத்து, அது மக்கள் வரிப்பணம்.

ஏர்லைன் பைலட்டின் ஓய்வு வயது 65. 22 வயதில் சிவில் வழியாக உள்ளே போனவருக்கு முன்னால் 43 வருடம் இருக்கிறது. 36-ல் வருபவருக்கு 29. 42-ல் வருபவருக்கு 23. விமான நிறுவனங்களில் கேப்டன் பதவி உயர்வுக்கும், நல்ல ரூட்டுக்கும் பெரும்பாலும் சேர்ந்த தேதிதான் பேசும். அதனால் போர் விமானம் ஓட்டி விருது வாங்கிய 36 வயதுக்காரர், தன்னைவிட ஆறேழு வயது சின்ன கேப்டனுக்குப் பக்கத்தில் துணை விமானியாக உட்காரும் நிலையும் வரும்.

மணிக்கணக்கிலும் வித்தியாசம் உண்டு. ஏர்லைன் பைலட் வருடத்துக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம். போர் விமானி அதில் ஒரு சிறு பகுதிதான் பறப்பார். அவருடைய ஒரு பறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும். கேப்டன் ஆகத் தேவையான உயர்நிலை லைசன்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். படையில் பறந்த மணி நேரம் கணக்கில் வரும். ஆனாலும் சிவில் லைசன்ஸைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும், டிஜிசிஏ தேர்வும் எழுத வேண்டும், ஏர்பஸ்ஸோ போயிங்கோ டைப் ரேட்டிங்கும் முடிக்க வேண்டும்.

இதில் எந்தப் பிரிவில் இருந்து வருகிறார் என்பது பெரிய விஷயம். போக்குவரத்து விமானம் ஓட்டியவருக்கு மாற்றம் எளிது. இரண்டு என்ஜின், இரண்டு பைலட், நீண்ட தூரம் என்று ஏற்கெனவே பழக்கம். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் கடற்படை ஓட்டும் பி-8ஐ கண்காணிப்பு விமானம் போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது. அதை ஓட்டியவருக்கு ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓட்டும் 737 அந்நியமாக இருக்காது. ஹெலிகாப்டர் பிரிவுக்குப் போனவர் நிலைமை வேறு. ஹெலிகாப்டர் லைசன்ஸ் வேறு, விமான லைசன்ஸ் வேறு. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதை மாணவரின் விருப்பம் மட்டும் முடிவு செய்யாது. படையின் தேவையும், பயிற்சியில் அவர் எடுத்த இடமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். 'ஏர்லைன் போறதுக்கு டிரான்ஸ்போர்ட் கொடுங்க' என்று கேட்டு வாங்க முடியாது.

யார் நல்ல பைலட்?

இந்தக் கேள்விக்கு சினிமா பதில் சுலபம். நிஜ பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜினும் செயலிழந்த ஏ320 விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி, உள்ளே இருந்த 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், அமெரிக்க விமானப்படையில் எஃப்-4 ஓட்டியவர். 'ராணுவப் பயிற்சின்னா இதுதான்' என்று உலகமே பேசியது. பக்கத்து இருக்கையில் இருந்த ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் சிவில் வழியில் வந்தவர் என்பதை யாரும் பேசவில்லை. அந்த சில நிமிடங்களில் ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் என்ஜினை உயிர்ப்பிக்க முயன்றபடி செக்லிஸ்ட்டை ஓட்டினார். இரண்டு வழியில் வந்த இரண்டு பேரின் கூட்டு வேலை அது.

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது வேறு கதை. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்தது. 21 பேர் இறந்தார்கள். கேப்டன் தீபக் சாத்தே, விமானப்படை அகாடமியில் வீரவாள் விருது வாங்கிய முன்னாள் விங் கமாண்டர். சோதனை விமானியாகவும் இருந்தவர். துணை விமானி அகிலேஷ் குமார் வயதிலும் அனுபவத்திலும் மிகவும் இளையவர். இருவருமே அந்த விபத்தில் உயிரிழந்தார்கள். 2021-ல் வந்த விசாரணை அறிக்கை, நிலைப்படாத இறக்கத்தைத் தொடர்ந்ததும், 'மேலே போய்விடலாம்' என்ற துணை விமானியின் குரலுக்குப் பிறகும் இறங்கியதும்தான் விபத்துக்கான காரணம் என்றது. காக்பிட்டில் இருவருக்கும் இடையில் இருந்த அதிகார இடைவெளி செங்குத்தாக இருந்ததையும், அதனால் நிலைமை புரிந்தும் துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை என்பதையும் அது குறிப்பிட்டது.

இதை வைத்து 'படையில் இருந்து வந்தவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்' என்று எழுதுவது அநியாயம். அதிகார இடைவெளி என்பது சிவில் கேப்டன்களிடமும் உண்டு. நம் ஊர் கம்பெனியில் முதலாளி சொன்ன ஷிப்மென்ட் தேதி நடக்காது என்று தெரிந்தும் மெர்ச்சண்டைசர் வாயைத் திறக்காமல் இருப்பதும் அதே நோய்தான். ஆனால் படைப் பயிற்சியும் ஏர்லைன் வேலையும் கேட்கும் மனநிலை வேறு வேறு என்பது மட்டும் உண்மை. படையில் கொடுத்த வேலையை முடிப்பது முதல் கடமை. ஏர்லைனில், சந்தேகம் வந்தால் இறங்காமல் திரும்பிப் போவதுதான் முதல் கடமை; அதற்காக யாரும் தண்டிக்கக் கூடாது. முன்னவர் பின்னதைக் கற்றுக்கொள்ள வேண்டும். 200 மணி நேரத்தோடு வரும் சிவில் பைலட் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: உண்மையான புயலும், உண்மையான பயமும் அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார்.

அமெரிக்கச் சட்டம் இதற்கு எண்ணிலேயே ஒரு விலை போட்டிருக்கிறது. அங்கே 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவப் பைலட்டுக்கு மட்டும் 750 போதும். அதாவது படையின் ஒரு மணி நேரம் சிவிலின் இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்கிறது சட்டம். இந்த விதிக்குக் காரணமான 2009 பஃபலோ விபத்தில் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பது வேடிக்கையான முரண். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 200 மணி நேர அளவில் பறந்தவர், டைப் ரேட்டிங் முடித்து 180 பயணிகள் இருக்கும் விமானத்தில் துணை விமானி ஆகலாம். மணிக்கணக்கைவிடப் பயிற்சியின் தரத்தை நம்பும் முறை இது. அந்தத் தரம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசன்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்ட விவகாரமே சாட்சி.

விலைப்பட்டியலில் இல்லாத விலை

'ஓசிப் பயிற்சி' என்று சொல்பவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2016 ஜூலையில் தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேர் நோக்கிக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தளபதி பிபின் ராவத்துடன் குன்னூர் அருகே விழுந்த ஹெலிகாப்டர் சூலூரில் இருந்துதான் கிளம்பியது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து உயிரிழந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் சூலூரில் பணியாற்றியவர். அவர் உடலும் சூலூருக்குத்தான் முதலில் வந்தது.

சிவில் பயிற்சி விமானங்களும் விழுகின்றன, அங்கேயும் இளம் பிள்ளைகள் இறக்கிறார்கள். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. போரில் பறக்கச் சொன்னால் பறக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான். அந்தச் சேவை மீது விருப்பம் இருப்பவர் அங்கே போகட்டும், ஏர்லைன் பின்னால் வந்தால் வரட்டும். ஏர்லைன் மட்டும்தான் லட்சியம் என்றால் விமானப்படை குறுக்கு வழி இல்லை. அது ரொம்பச் சுற்றுவழி.

பணம் கட்டும் முன் என்ன செய்யலாம்?

முதலில் மெடிக்கல். டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 பரிசோதனையும், அதன்பின் கிளாஸ் 1 பரிசோதனையும் முடித்துவிட்டு, பிறகு பள்ளிக்கு அட்வான்ஸ் கொடுங்கள். நிறக்குருடு இருப்பதே தெரியாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு நின்றால் அந்தப் பணம் திரும்ப வருவது கஷ்டம். கிளாஸ் 1 வாங்காமல் கமர்ஷியல் லைசன்ஸ் கிடையாது.

இரண்டாவது, எழுத்துத் தேர்வுகளில் முடிந்ததைப் பறப்பதற்கு முன்பே எழுதித் தேறிவிடுங்கள். படிப்பு பிள்ளைக்கு ஒத்துவருகிறதா என்று சில ஆயிரம் ரூபாயில் தெரிந்துவிடும். பறக்கும் பள்ளியில் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை விமானம் ஓடும் நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர் இருக்கிறார்கள், போன வருடம் சேர்ந்த மாணவர் இப்போது எத்தனை மணி நேரத்தில் நிற்கிறார் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் முன் யூனிட்டை நேரில் போய்ப் பார்க்கும் ஊர் இது. அதே வேலைதான்.

பெண் பிள்ளை கேட்டால் 'நமக்கு எதுக்கும்மா' என்று சொல்லிவிட வேண்டாம். இந்திய ஏர்லைன் பைலட்டுகளில் பெண்களின் பங்கு சுமார் 15 சதவீதம். உலக சராசரியைப் போல மூன்று மடங்கு. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் இருந்தும் முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் தேறி வெளியே வந்துவிட்டது.

இரண்டு கதவையும் கொஞ்ச காலம் திறந்தே வைத்திருக்கவும் வழி இருக்கிறது. ஆஃப்கேட்டில் பறக்கும் பிரிவுக்கு உச்ச வயது 24 என்றாலும், டிஜிசிஏ கொடுத்த கமர்ஷியல் லைசன்ஸ் நடப்பில் வைத்திருப்பவருக்கு 26 வரை சலுகை உண்டு. லைசன்ஸ் வாங்கிவிட்டு ஏர்லைன் அழைப்புக்காகக் காத்திருக்கும் 24, 25 வயதுக்காரர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. உயரமும் கண்ணும் சரியாக இருந்து, சீருடை மீது உண்மையான ஆசையும் இருந்தால், வருடத்துக்கு இரண்டு முறை வரும் அந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். திறன் தேர்வு ஒரே ஒரு தடவைதான் என்பதை மட்டும் மறக்காமல், தயாரான பிறகு போங்கள்.